கொடி விழுந்த அன்று

எங்கள் வீட்டில் யாருக்கு ரத்தம் வந்தாலும் உடம்புச் சூடு என்று முடிவு கட்டிவிடுவார்கள். எனக்குக் காது குத்தியபோது நின்ற ரத்தம் மறுநாள் மறுபடி வந்ததாம். பல் பிடுங்கியபோதும் அதே கதைதான். உடனே அம்மா வெந்தயத் தண்ணீரோடு வந்து நிற்பாள். தாராவியில் என்னளவு வெந்தயம் குடித்தவர் யாரும் இருக்க முடியாது. கல்யாணத்துக்குப் பிறகு கர்ப்பம் அடுத்தடுத்துக் கலைந்தது. அப்போதும் அதே டம்ளரை நீட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு வேண்டியது பிள்ளை.

செம்பூரில் ரத்த நோய் பார்க்கும் டாக்டரம்மாவிடம் என் கணவர் அழைத்துப் போனார். அம்மாவும் ஒட்டிக்கொண்டாள். வழக்கமான பரிசோதனைகளில் ஒரு குறையும் இல்லை. டாக்டரம்மா விடவில்லை. நான் பிறந்து தொப்புள்கொடி விழுந்தபோது ரத்தம் வந்ததா என்று அம்மாவிடம் இந்தியில் கேட்டார்.

"வராம இருக்குமா? இவளுக்கும் வந்துச்சு, இவ அண்ணனுக்கும் வந்துச்சு. எல்லாப் பிள்ளைக்கும் வாறதுதான?" அம்மா தன் தாராவி இந்தியில் அலட்சியமாகச் சொன்னாள்.

"உங்க வீட்டுக்காரர் சொந்தமா?"

"என் சொந்தத் தாய்மாமன்லா," என்றாள் பெருமையாக.

டாக்டரம்மா பேனாவை எடுத்து இன்னொரு பரிசோதனை எழுதினார். என் ரத்தம் ஒழுங்காகத்தான் உறைந்தது. ஆனால் அந்தக் கட்டியை ஒரு திரவத்தில் போட்டு வைத்துப் பார்த்தபோது, மறுநாள் கரைந்து போயிருந்தது. உறைந்ததை இறுக்கிப் பிடிக்கும் பொருள் எனக்குப் பிறவியிலேயே இல்லை. அம்மா, அப்பா இருவர் வழியாகவும் வந்தால்தான் பிடிக்கும் அபூர்வமான பரம்பரைக் குறை, ஆனால் மருந்து ஏற்றினால் பிள்ளை தங்கும் என்றார்.

"தையல் ஓட்டிட்டு முடிச்சுப் போடாம விட்ட மாதிரி," என்றார் தையல் பட்டறை வைத்திருக்கும் என் கணவர். நோய்க்குப் பெயர் கிடைத்ததில் யாராவது துள்ளிக் குதிப்பார்களா? நான் குதித்தேன். வெளியே வந்ததும் மூவரும் வடாபாவ் தின்றோம், அம்மாவுக்கு இரண்டு.

சொன்ன நாளெல்லாம் மருந்து ஏற்றிக்கொண்டேன். மகள் பிறந்தாள். கொடி விழும்போது ரத்தம் ஒற்ற, அம்மா பழைய வேட்டிகளைக் கிழித்து மெத்தென்று மடித்து, தொட்டிலருகே அடுக்கி வைத்தாள். கொடி விழுந்த காலையில் ஒரு துணியை எடுத்து ஒற்றிப் பார்த்தாள். திருப்பி ஒற்றினாள். பிறகு முகம் வெளுத்து என்னிடம் வந்தாள்.

"ஏட்டி, கொடி விழுந்துட்டு. பிள்ளைக்கு ரத்தமே வரலியே. டாக்டரம்மாட்ட ஒரு வார்த்தை கேளேன்."

அந்த வெள்ளைத் துணியை வாங்கி முகத்தில் பொத்திக்கொண்டு சிரித்தேன். அது நனைந்துபோனது, என் கண்ணீரில்.