ராங்கி விட்டுப்போகாத கூடு

தையல்காரம்மாவுக்கு இரண்டு விஷயத்தில் கர்வம் உண்டு. அவள் தைத்த சட்டையை யாரும் குறை சொல்லித் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. அவள் வளர்க்கும் கோழிகள் நோய்நொடி என்று படுத்ததில்லை. இரண்டாவது கர்வத்தை அந்தக் கோடை தவிடுபொடியாக்கியது.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கோழிக்கூடு அவள் கணவர் செய்தது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பழைய அலமாரிப் பலகைகளை அடுக்கடுக்காகச் சேர்த்து, காற்றுகூட நுழையாதபடி இறுக்கிக் கட்டினார்.

"இதுக்குள்ள நானே படுத்துக்கலாம்" என்பார்.

"தாராளமா படுங்க. எனக்கும் குறட்டைத் தொல்லை விடும்" என்பாள் அவள்.

அந்தக் கோடையில் கோழிகளுக்கு என்ன வந்ததோ, பொழுது சாய்ந்தால் கூட்டுக்குள் போகமாட்டோம் என்று அடம்பிடித்தன. மதிலில் ஏறின, துணிக்கொடியில் தொங்காத குறை. பூனை பிடித்துவிடுமே என்று அவள் கோலோடு துரத்தித் துரத்தி உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். "கொழுப்பெடுத்ததுங்க! மாளிகை கட்டிக் குடுத்தா மதில் கேக்குதா?"

ராங்கி என்ற பெட்டைக்கோழி மட்டும் தொந்தரவு தரவில்லை. கூட்டுக்குள்ளேயே முட்டைமேல் அடை கிடந்தாள். ஊரையே கொத்துகிறவள், அதனால்தான் அந்தப் பேர். இப்போதோ கைவிட்டு முட்டையைத் தடவினாலும் கண்மூடிக் கிடந்தாள். கொண்டை சாயம்போன துணியாக வெளுத்திருந்தது. வயிற்றுப்புழு என்று நினைத்துத் தையல்காரம்மா புழுமருந்து கலந்து கொடுத்தாள். புழுவும் விழுந்தது. நம் வைத்தியம் பலித்தது என்று தன் தோளைத் தானே தட்டிக்கொண்டாள். ராங்கியோ நாளுக்கு நாள் துவண்டாள். இனித் தாங்காது என்று தோன்றியபோது கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மத்த கோழிங்க சாயங்காலம் கூட்டுக்குள்ள போகுதா?" என்றார்.

"எங்க போகுது? ஒரே திமிரு டாக்டர்."

"திமிரு இல்லம்மா, பயம். போய்ப் பலகை இடுக்கைப் பாருங்க. செள்ளுப் பூச்சி பகல்ல அங்க ஒளிஞ்சிருக்கும். இருட்டினதும் வந்து ரத்தம் குடிக்கும்."

துணியில் எந்தக் கோளாறும் தையல் மடிப்பில்தான் பதுங்கும் என்பது அவளுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் ஊசியை எடுத்து இரண்டு பலகை சேரும் இடத்தில் கீறினாள். சாம்பல்நிறத் தூசி கொட்டியது. அந்தத் தூசி நடந்தது! வெள்ளைத் துணித்துண்டை வைத்து அழுத்தினாள். துணி சிவந்தது. அது பூச்சியின் ரத்தமில்லை, ராங்கியின் ரத்தம்.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு விரல் நீள இடுக்கில் ஓர் ஊரே குடியிருக்கிறது. மற்ற கோழிகள் தப்பிக்கப் பார்த்தன, அவற்றை அவளே பிடித்து உள்ளே அடைத்தாள். ராங்கிக்குக் கதவு பகலெல்லாம் திறந்துதானே இருந்தது? தெருநாயைத் துரத்தியவளுக்கு ஓடத் தெரியாதா? முட்டையை விட்டுப் போக மனமில்லாமல், ரத்தத்தைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'அடிப்பாவி, என்ன பிறவி நீ!' என்று தையல்காரம்மா வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

கணவர் துணித்துண்டைப் பார்த்தார். "என் கூட்டுலயா?" என்றார். போய்த் திருப்புளியை எடுத்து வந்தார்.

ராங்கியைத் தூக்கினால் கனமே இல்லை. சிறகுகளுக்கு அடியில் டாக்டர் கொடுத்த பொடியைத் தூவினார்கள். ஒவ்வொரு முட்டையாகப் பார்த்துத் துடைத்து, தையல் அறையில் புது வைக்கோல் போட்ட கூடையில் வைத்தாள். இடம் மாற்றினால் சில கோழிகள் அடையை விட்டுவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். ராங்கியைத் தண்ணீருக்குப் பக்கத்தில் விட்டாள். வாசல் கதவு திறந்திருந்தது.

ராங்கி குடித்தாள். வாசலைப் பார்த்தாள். பிறகு தள்ளாடிக்கொண்டு கூடையை நோக்கி நடந்தாள். விளிம்பில் ஏற முயன்று சரிந்தாள். மறுபடியும் சரிந்தாள்.

"தூக்கி விடேன்" என்றார் கணவர்.

"வேணாங்க. அவளாத்தான் போகணும்."

எப்படியோ ஏறி, முட்டைகளை அலகால் தன் பக்கம் இழுத்து, மேலே அமர்ந்தாள். தையல்காரம்மாவுக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

கூட்டைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றி, இடுக்கெல்லாம் மருந்து பூசி, வெயிலில் காயப்போட்டார்கள். பூச்சியின் முட்டை பொரிந்து வரும் என்பதால் ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூசினார்கள். கணவர் இம்முறை பலகைமேல் பலகை படியாமல், இடுக்கே இல்லாதபடி கட்டினார். கோழிகள் புரண்டு குளிக்க மணலும் சாம்பலும் கலந்து ஒரு குழியில் நிரப்பினார். தினமும் காலையில் எச்சத்தை வழிப்பது அவர் பொறுப்பானது.

ஒரு மதியம் அவள் சட்டைக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள். கூடையிலிருந்து ஏதோ கேட்டது. மெஷினை நிறுத்தினாள். முட்டை ஓட்டுக்குள்ளிருந்து நூலிழையாய் ஒரு கீச்சு. ராங்கி தலை குனிந்து, தையல்காரம்மா இதுவரை கேட்டிராத தணிந்த குரலில் பதில் சொன்னாள். உள்ளிருந்து மறுபடியும் கீச்சு.

மெஷின் சத்தம் நின்றதைக் கேட்டுக் கணவர் எட்டிப்பார்த்தார். "என்னாச்சு, ஊசி உடைஞ்சுதா?"

"சும்மா இருங்க" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அவ பிள்ளைகிட்ட பேசிட்டிருக்கா."