ஐந்தாவது பாஸ்

இது நடந்தது. பிளாரன்ஸிடம் கேட்டால் மணி, நிமிஷத்தோடு சொல்லுவாள். பட்டப்பகல்தானே என்று சிரிக்க வேண்டாம்.

தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு கம்பெனி. கப்பலின் சரக்கறைக்குள் இறங்குகிறவர்களுக்குப் பாஸ் அடிப்பது அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸில் அவள் ஒருத்திதான். வீட்டிலும் ஒருத்திதான் என்பதால் ஞாயிறு டூட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்வாள். ஆறு ஞாயிறாக, நாலு பெயர் அடித்தால் ஐந்து பாஸ் வந்தது. ஐந்தாவது பெயர் கிருபாநிதி. அப்படி ஓர் ஆளே வேலையில் இல்லை. வந்ததும் கிழித்துப் போடுவாள். ஆபீஸில் தங்கும் நகலைப் பார்த்த மேனேஜர், இல்லாத ஆளுக்கு இன்னொரு பாஸ் அடித்தால் வேலைக்கே வர வேண்டாம் என்றுவிட்டார்.

ஏழாவது ஞாயிறு. கம்ப்யூட்டர் பார்க்கிற சிவபாலனுக்குப் போன் போட்டாள். அவன் விளக்கினான். பாஸ் அடிக்குமுன் சாப்ட்வேர் பெயர்களை ஒரு டெம்பரரி ஃபைலில் எழுதி வைக்குமாம். ஃபைலின் பெயர் எப்போதும் ஒன்றேதான்; இருப்பதும் யாரும் கைவைக்கக்கூடிய இடத்தில். அந்தப் பெயரில் முன்கூட்டியே ஒருத்தர் ஃபைல் வைத்துவிட்டால், அதில் இருப்பதையும் சேர்த்து அடித்துவிடுமாம்.

"வெளிய இருந்து ஆரும் வைக்க முடியுமா தம்பி?"

"முடியாதுக்கா. அந்த மெஷின்லயே இருக்கணும்."

மணி 2.41. திரையில் அந்த ஃபைல் இருக்க வேண்டிய இடம் காலி. அவள் கீபோர்டைத் தொடவில்லை.

2.42. ஃபைல் வந்திருந்தது. உள்ளே ஒரே பெயர்...

"லாகின்ல எத்தனை பேரு இருக்காவ அக்கா?"

"ரெண்டு."

"இன்னொண்ணு ஆரு?"

"பேரு இல்ல, தம்பி."

சிவபாலன் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா... பக்கத்துல ஆரும் உக்காந்திருக்காவளா?"

அறையில் ஒரே நாற்காலி. அதில் அவள்.

டக்.

கீபோர்டில் ஒரு எழுத்து தானாக அமுங்கி எழுந்தது.

டக்... டக்...

2.44. பிரிண்டர் ஓடியது.

அவள் பையைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

திங்கட்கிழமை சிவபாலன் சாப்ட்வேரைச் சரிபண்ணினான். தப்பு அவளுடையது இல்லை என்று மேனேஜரிடம் காட்டினான். வேலை தப்பியது.

சாயங்காலம் துறைமுக கேட்டில் காவல் பார்க்கிற வீரபாகு அண்ணாச்சியிடம் அந்தப் பெயரைச் சொன்னாள். ரெண்டு வருஷம் முன்னே சரக்கறையில் விழுந்து செத்தவன் என்றார். பாஸ் இல்லாததால் அவன் உள்ளே போகவே இல்லை என்று கம்பெனி எழுதி முடித்துவிட்டதாம். சொல்லிக்கொண்டே கேட் கம்ப்யூட்டரில் தேடினார். அவர் கை நின்றது.

"ஏழு ஞாயிறும் உள்ள போயிருக்கானே, ஏளா."

"ஆறு பாஸ நான் கிழிச்சுட்டேன் அண்ணாச்சி."

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். உள்ளே போன நேரம் ஏழும் இருந்தது.

வெளியே வந்த நேரம் ஒன்றுகூட இல்லை.