மெற்றில்டாவின் ஒன்பதரை வண்டி

லண்டனில், ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷனில் பயண அட்டையைத் தேய்த்து, கதவு திறந்து, உள்ளே போன பிறகும் மெற்றில்டா ஒரு கணம் நின்று திரும்பிப் பார்ப்பார். "சத்தம் கேட்டதோ?" என்று மகள் றூபினியிடம் கேட்பார். மகள் இல்லாத நாளில் பின்னால் வருகிறவரிடம் சைகையால் கேட்பார். பாரிசிலிருந்து வந்த பழக்கம் அது. அங்கே ஒருமுறை, மூன்று வயது றூபினியை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாங்கிய டிக்கெட்டை மெசினில் குத்தி அடையாளமிடாமல் ரயிலேறிப் பிடிபட்டார். விசாவும் இல்லை. இரண்டு நாள் பொலிஸில் இருந்தார்.

2009 ஜூனில் ஒரு சனிக்கிழமை, இருவரும் முதன்முறையாக லண்டனுக்கு வெளியே ரயிலில் புறப்பட்டார்கள். ஊரில் சண்டை முடிந்து ஒரு மாதம். மெற்றில்டாவின் தம்பி எட்வேட்டைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மன்னாரிலிருந்து வந்த செபமாலைமுத்து ஃபாதர் வட இங்கிலாந்தில், பிரெஸ்ரனில் ஒரு வீட்டில் தங்கியிருந்தார். அங்கே அகதிகளின் முகாம் முகாமாகப் போய், கண்டவர்களின் பெயர்களைக் கொப்பியில் எழுதிவைத்திருக்கிறாராம். ஃபோனில் பெயர் சொல்லமாட்டார், நேரில்தான் போகவேண்டும். பகல் ஒரு மணிக்கு அவர் விமான நிலையத்துக்கு வெளிக்கிடுகிறார்.

யூஸ்ரன் ஸ்டேஷனில் றூபினி தேநீர் வாங்கித் திரும்பியபோது அம்மாவைக் காணவில்லை. இரண்டு டிக்கெட்டும் அம்மாவின் கைப்பையில். ஓடித் தேடி, மறுகோடியில் டிக்கெட் விற்கும் மெசினுக்குள் டிக்கெட்டைத் திணித்துக்கொண்டு நின்றவரைக் கண்டபோது, ஒன்பதரை வண்டி போய்விட்டது.

"என்னம்மா செய்யிறீங்கள்?"

"குத்துற மெசினைத் தேடுறன் பிள்ளை. ஒருத்தனும் காட்டுறானில்லை."

"இங்க குத்துறேல்லை! அப்பிடி ஒண்டுமே இல்லை!"

"நீ சொல்லேல்லையே."

சொல்லவில்லைதான். குடும்பத்தில் பட்டம் எடுத்த முதல் ஆள் அவள். கவுன்சில் கடிதமும் பெனிபிட் படிவமும் அவள்தான் நிரப்புவாள். "இதில கையெழுத்து வையுங்கோ" என்பதற்கு மேல் அம்மாவுக்கு எதையும் விளக்கியதில்லை. என்னத்தைப் படித்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மலிவு டிக்கெட், அந்த ஒரு வண்டிக்குத்தான் செல்லும். பிளாட்பாரத்தில் நின்ற ஊழியப் பெண்ணிடம் சொல்லத் தொடங்கிய றூபினி அழுதேவிட்டாள். அந்தப் பெண் டிக்கெட்டின் பின்னால் பேனாவால் ஏதோ கிறுக்கி, அடுத்த வண்டியில் ஏறச் சொன்னாள்.

மெற்றில்டா அந்தக் கிறுக்கலைத் தடவினார். "பாத்தியா? ஏதோ ஒண்டு போடத்தானே வேணும். படிச்சவள் எண்டு என்னோட சண்டைக்கு வாறாய்."

கால்வாய், செம்மறிகள், செங்கல் ஊர்கள் என்று இங்கிலாந்து ஜன்னலில் ஓடியது. இருவரும் பார்க்கவில்லை. விகன் தாண்டி வண்டி வயல்வெளியில் நின்றுவிட்டது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். மெற்றில்டா கைகளைக் கூப்பினார்.

"மடு மாதாவே, ஃபாதர் வெளிக்கிட முந்தி என்னைக் கொண்டுபோய் விடு. மன்னாரிலயிருந்து உன்ர கோயிலுக்கு நடந்து வாறன்."

"மெதுவா அம்மா. ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும். அவையளோ என்னோட நடக்கப்போகினம்?"

டாக்சி அந்த வீட்டு வாசலில் நின்றபோது ஒன்று ஐந்து. ஃபாதர் ஒரு காலைக் காருக்குள் வைத்திருந்தார். இறங்கி, கொப்பியைக் காரின் முன்பக்கத்தில் விரித்து, முதல் பக்கத்திலிருந்து விரலை ஓட்டினார். இரண்டு எட்வேட் இருந்தார்கள். இரண்டும் வேறு ஆட்கள்.

"இல்லை மகள். நான் காணேல்லை எண்டுதான் அர்த்தம். வேற ஒண்டுமில்லை."

"இன்னொருக்காப் பாருங்கோ ஃபாதர்."

பார்த்தார். பிறகு கார் போய்விட்டது. மெற்றில்டா நடைபாதை ஓரத்தில் குந்திவிட்டார். றூபினியும் பக்கத்தில் குந்தினாள்.

நாலு வருடம் கழித்து, வேலையில் லீவு கிடைத்தபோது அவள் கேட்டாள்: "மடுவுக்கு நடப்பமா அம்மா? நேத்தி வைச்சனீங்கள் எல்லோ?"

"ஃபாதரைக் காட்டு எண்டுதான் கேட்டனான். மாதா காட்டிப்போட்டா. தம்பியை எல்லோ கேட்டிருக்கவேணும், விசரி நான்." மெற்றில்டா மகளின் பக்கம் திரும்பினார். "பொறு பிள்ளை. அவனும் வரட்டும். மூண்டு பேருமா நடப்பம்."

2016 மாரிகாலத்தில், எட்வேட்டைப் பற்றி ஒரு தகவலும் வராமலே, மெற்றில்டா இறந்தார். மாதாவுக்குச் சொன்ன நடை இன்னும் பாக்கி இருக்கிறது.