மூன்று கட்டடங்களுக்கும் ஒரே படம்

என் மனைவி மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரிக்கு நர்ஸாகப் போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. கல்யாணமாகி நாங்கள் சேர்ந்து இருந்தது ஏழு மாதம்தான். நான் திருநெல்வேலிக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை. அன்று பதினோரு மணிக்குக் கல்லூரி அலுவலக போனுக்குக் கூப்பிடுவாள். சுற்றிலும் ஆறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். "நல்லா இருக்கியா", "ம்", "சரி" என்பதற்கு மேல் எனக்கு வாய் வராது. போனை வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் ஞாபகம் வரும்.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஒரு விஞ்ஞானி சிறப்புரைக்கு வருவதாக இருந்தது. அரங்கில் இடம் போதாது, மூன்று கட்டடங்களின் லேப்களிலும் பேச்சைக் காட்ட வேண்டும் என்றார் முதல்வர். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனித்தனியாக அனுப்பிப் பார்த்தேன். பத்தாவது கம்ப்யூட்டர் சேர்ந்ததுமே எல்லாத் திரையிலும் படம் உறைந்து நின்றது. அதற்கு வழி மல்டிகாஸ்ட். படத்தை ஒரே முறை அனுப்பினால் போதும். எந்தக் கட்டடம் கேட்கிறதோ அந்தப் பக்கம் மட்டும், கட்டடங்களின் கம்ப்யூட்டர்களை இணைக்கும் சுவிட்ச் என்ற பெட்டி ஒரு நகல் எடுத்து அனுப்பும். புதிதாக வந்த பெரிய சுவிட்சில் அந்த வசதி இருந்தது. நாம்தான் கட்டளை கொடுத்து அதை இயக்க வேண்டும்.

இரண்டு நாள் கட்டளைகளை அடித்து அடித்துப் பார்த்தேன். வீடியோ அறையில் இருந்த வி.சி.ஆரில் கல்லூரி ஆண்டுவிழா கேசட்டைப் போட்டு அனுப்புவேன். லேப்களைக் கவனித்துவந்த பத்தமடைக்காரர் இன்டர்காமில் பதில் சொல்வார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன்.

"வருதா அண்ணாச்சி?"

"இங்கன ஒண்ணும் வரல தம்பி. கருப்பாத்தான் கெடக்கு."

என் பையில் அப்போது இன்னொரு கேசட் இருந்தது. ஊருக்கு வந்த ஒரு தோழியிடம் என் மனைவி கொடுத்தனுப்பியது. ஞாயிற்றுக்கிழமை வள்ளியூரில் மாமியார் வீட்டுக்குப் போய் வாங்கி வந்தேன். என் வீட்டில் வி.சி.ஆர். கிடையாது. கல்லூரியில் அந்த அறையில் எந்நேரமும் யாராவது இருந்தார்கள். மூன்று நாளாகப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததோடு சரி.

புதன்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கையேட்டைத் திரும்பப் படிக்கும்போதுதான் தப்பு தெரிந்தது. சுவிட்சில் எல்லாம் சரியாகவே இருந்தது. அனுப்பும் மென்பொருளில், படம் எத்தனை நெட்வொர்க்குகளைத் தாண்டிப் போகலாம் என்று ஓர் எண் உண்டு. அது ஒன்று என்று இருந்தது. அதனால் வீடியோ அறையைச் சேர்ந்த நெட்வொர்க்கைத் தாண்டாமலே படம் செத்துக்கொண்டிருந்தது. எண்ணை முப்பத்திரண்டு ஆக்கினேன். லேப்களெல்லாம் பூட்டியிருக்கும், யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் அவள் கேசட்டைப் போட்டேன்.

முதலில் ஒரு கட்டிலும் ஜன்னலும் தெரிந்தன. பிறகு அவள் வந்தாள். மெலிந்திருந்தாள். "சாப்பிட்டியளா?" என்றாள். பதிலுக்குக் காத்திருப்பவள் போலக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுத் தலையாட்டினாள். "ஆத்துல தண்ணி போவுதா? குளிக்கப் போறியளா?" மறுபடி காத்திருந்தாள். ஆள் இல்லாத அறையில் நான் வாய்விட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்டர்காம் அடித்தது.

"தம்பி, படம் வந்துட்டு. மத்த ரெண்டு எடத்துலயும் வந்திருக்கும். பொறத்தால சன்னல்ல கடல் தெரியுது. யாரு, ஒன் வீட்டுக்காரியா?"

வி.சி.ஆரின் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனேன். "நிறுத்திருதேன் அண்ணாச்சி."

"நிறுத்தாத. இங்கன நான் மட்டுந்தான் நிக்கேன், மத்த லேபெல்லாம் பூட்டிக் கெடக்கு. ஒவ்வொரு லேபா போயி அணைச்சிருதேன். நீ பையப் பைய பாத்து முடி."

சுவிட்சின் திரையில், படம் கேட்கும் கட்டடங்களின் பட்டியல் மூன்று வரியாக இருந்தது. அவர் நடந்து போகப் போக, சில நிமிட இடைவெளியில் ஒவ்வொரு வரியாக மறைந்தது. கடைசி வரியும் போன பிறகு கேசட்டை முதலிலிருந்து ஓடவிட்டேன். இருபது நிமிடம். முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது வராந்தாவில் அண்ணாச்சி நின்றிருந்தார்.

"எப்ப வருதாளாம்?"

"ஆவணியில."

"நல்லது," என்றார். அதைப் பற்றி அவர் பிறகு யாரிடமும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை சிறப்புரை மூன்று கட்டடங்களிலும் தடங்கலில்லாமல் தெரிந்தது. அதற்குச் சற்று முன்பு அவள் கூப்பிட்டிருந்தாள். ஒப்பந்தத்தை இன்னும் ஒரு வருஷம் நீட்டியிருக்கிறார்கள் என்றாள். வழக்கம்போல் "சரி" என்று சொல்ல வாயெடுத்தேன். ஆறு பேரும் இருந்தார்கள். "எனக்கு நீ இல்லாம முடியல," என்றேன்.  "எனக்கும்தான்," என்றாள். கணக்கர் எழுந்து வெளியே போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

அந்த ஒரு வருஷமும் கழிந்துதான் வந்தாள். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போய் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நாகர்கோவிலில் பஸ் மாறியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வள்ளியூரில் இறங்க வேண்டும். அவள் அம்மா காத்திருப்பார்கள். கண்டக்டர் வந்து, "வள்ளியூரு எறங்கலையா அண்ணாச்சி?" என்றார்.

"தூங்குதா," என்றேன். "திருநெல்வேலி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துக்கிடுதோம்."