என் ஐம்பதுக்குக் காத்திருந்தவர்

எனக்கு ஐம்பது வயது ஆக வேண்டும் என்று ஏழு வருடமாகக் காத்திருந்த மனிதர் ஒருவர் உண்டு. அது நானில்லை.

எங்கள் அலுவலகத்தில் வேறொரு பிரிவில் இருந்த திருநெல்வேலிக்காரர். தில்லியில் முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் ஆட்டோக்காரரிடம் இந்தி பேசும்போதுகூட அதில் திருநெல்வேலி கேட்கும். தமிழர்களுக்கு மட்டுமல்ல, பஞ்சாபி டிரைவர்களுக்கும் அவர் அண்ணாச்சிதான். பகலெல்லாம் ஆளுக்கொரு மாடியில் கோப்புகளை நகர்த்துவோம். மதிய இடைவேளையில் நாற்பது நிமிடம் தரைத்தளத்து மனமகிழ் மன்றத்தில் கேரம் பலகையின் எதிரெதிர்ப் பக்கங்களில் உட்காருவோம். இரட்டையர் ஆட்டத்தில் கூட்டாளி எதிரேதான் உட்காருவார். மனைவியைவிட அதிக நேரம் நான் முகத்துக்கு முகம் பார்த்த ஆள் அவர்தான்.

அலுவலகங்களுக்கு இடையே நடக்கும் போட்டியில் பதினான்கு வருடம் சேர்ந்து ஆடினோம். பெரும்பாலும் முதல் சுற்றில் தோற்றோம். தினுசாக இருக்கட்டும் என்று எப்போதாவது இரண்டாம் சுற்றில் தோற்றோம். எங்களை வென்றவர்கள் எல்லாம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள். ஒரு கையில் போனைப் பார்த்துக்கொண்டே மறு கையால் சிவப்பைப் போட்டுவிட்டுப் போவார்கள். அதே போட்டியில் மூத்தோர் இரட்டையர் என்று ஒரு பிரிவு உண்டு. இருவருக்கும் ஐம்பது நிறைந்திருக்க வேண்டும். அண்ணாச்சிக்கு நிறைந்து பல வருடம் ஆகிவிட்டது. வழியில் நின்றது என் இளமை.

"நீரு ஒருத்தர் வயசாவாம இருந்துக்கிட்டு எம் பொழப்பையும்லா கெடுக்குதீரு" என்பார்.

"என்ன செய்யறது அண்ணாச்சி, முயற்சி பண்ணிட்டுத்தான் இருக்கேன்."

கணக்குப் பிரிவில் ஐம்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவர் இருந்தார். நன்றாக ஆடுவார். இரண்டு தடவை அண்ணாச்சியிடம் வந்து சேர்ந்து ஆடலாமா என்று கேட்டார். "எனக்கு ஆள் இருக்கு, வயசுதான் வரணும்" என்று அனுப்பிவிட்டார் அண்ணாச்சி.

கடைசியில் வயது வருவதற்கும் அவர் போவதற்கும் ஒரே மாதம் வாய்த்தது. எனக்கு நவம்பர் இரண்டாம் வாரம் ஐம்பது. போட்டி மூன்றாம் வாரம். மாதக் கடைசியில் அறுபது நிறைந்து அண்ணாச்சி ஓய்வு. ஆக, மூத்தோர் பிரிவில் நாங்கள் சேர்ந்து ஆட ஒரே ஒரு போட்டி. அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் காலண்டர் தாளைச் செருகி, என் பிறந்தநாளைச் சிவப்பில் வட்டம் போட்டு வைத்திருந்தார். பார்ப்பவர்கள் அவருடைய ஓய்வு நாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆகஸ்டில் என் வலது கையின் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மரத்துப்போயின.

முதலில் காலையில் மட்டும். எழுந்ததும் வேறு யாருடைய கையையோ படுக்கையில் தவறுதலாகக் கொண்டுவந்துவிட்ட மாதிரி இருக்கும். உதறினால் திரும்பிவிடும். செப்டம்பரில் உதறியும் திரும்பவில்லை. கட்டைவிரலால் ஆட்காட்டி விரலைத் தடவினால், தடவுகிறேன் என்று கட்டைவிரலுக்குத் தெரிந்தது. தடவப்படுகிறேன் என்று மற்றதற்குத் தெரியவில்லை. நான் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவது அந்த விரலால்தான்.

பயப்பட வேண்டிய விஷயம் என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனால் பயம் என்று ஒன்று வந்து நெஞ்சில் உட்காரவில்லை. அதற்குப் பதிலாக நான் பொருள்கள் வாங்க ஆரம்பித்தேன். ஓடுவதற்கான காலணி. ஊறவைத்தால் தவளை முட்டை போல ஆகும் ஒரு விதை. நான் தூங்கியதை எனக்கே மறுநாள் தெரிவிக்கும் கைக்கடிகாரம். லோதி ரோடு குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு இரண்டாம் மாடி. அங்கிருந்து இறக்கி ஏற்ற ஒரு சைக்கிள். சைக்கிளில் மூன்று நாள் அலுவலகம் போனேன். நாலாம் நாளிலிருந்து அது பால்கனியில் துணி காயப்போட உதவியது.

"என்னங்க, ஐம்பது வயசுக்கா, இல்ல ஒலிம்பிக்குக்கா?" என்றாள் மனைவி.

"ரெண்டுக்கும் ஒரே அப்ளிகேஷன் ஃபாரம்தான்" என்றேன்.

பூங்காவில் காலையில் கூடிச் சிரிக்கும் கூட்டத்திலும் சேர்ந்தேன். வட்டமாக நின்று கைகளை வானத்துக்குத் தூக்கி, காரணமே இல்லாமல் ஹா ஹா என்பார்கள். முப்பது வருடமாக எதற்கும் ஒரு வேடிக்கை சொல்லிச் சிரிக்க வைத்தே காலம் தள்ளிய எனக்கு அது தொழில் போட்டியாகத் தெரிந்தது. தலைவராக இருந்த சர்தார்ஜி, "நீங்க மட்டும் ஏன் ஜி சத்தம் வராம சிரிக்கிறீங்க?" என்று இந்தியில் கேட்டார். வாயைத் திறந்துதான் வைத்திருந்தேன். உள்ளேயிருந்து ஒன்றும் வரவில்லை. ஒரு வாரத்தில் நின்றுவிட்டேன்.

வாங்காத ஒன்று அரசாங்க டிஸ்பென்சரிச் சீட்டு. வீட்டிலிருந்து நடந்தால் எட்டு நிமிடம். போகவில்லை. இருபத்தாறு வருட அரசாங்க உத்தியோகம் எனக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான்: கோப்பில் ஏறாத வரைக்கும் ஒரு விஷயம் நடக்கவில்லை. டாக்டர் எழுதினால் அது நோய். எழுதாவிட்டால் வெறும் விரல். இணையத்தில் தேடினேன், அங்கே கோப்பு கிடையாது, தீர்ப்பு மட்டும் உண்டு. சர்க்கரை, கழுத்தெலும்பு, பக்கவாதத்தின் முன்னோடி, இதயம் என்று வரிசையாக வந்தன. இதயத்துக்கு இடது கை என்று போட்டிருந்ததில் ஓர் ஆறுதல். மூடிவிட்டு, வீட்டுக்கு ஒரு ஜூஸ் பிழியும் இயந்திரம் ஆர்டர் செய்தேன்.

காபி கோப்பைகள் இரண்டு கையிலிருந்து நழுவி உடைந்தன. மூன்றாவது உடைந்தபோது மனைவி துடைப்பத்தோடு நின்று என் கையையே பார்த்தாள்.

"கையில என்ன?"

"ஒண்ணுமில்ல. செட்டுல ஆறு இருந்துச்சு, மூணு பேருக்கு எதுக்கு ஆறு?"

அவள் சிரிக்கவில்லை. நல்லவேளை, குக்கர் கூப்பிட்டது.

அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கலாம். தினமும் சொல்லத்தான் போவேன். பலகையில் பவுடரைத் தூவிவிட்டு நிமிர்ந்து, "இன்னும் நாப்பத்தொரு நாளு வேய்" என்பார். அந்த முகத்தைப் பார்த்தபின் என் வாயிலிருந்து வேறு ஏதாவது வேடிக்கைதான் வரும். விரலை ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் வைத்து, கண்ணால் பார்த்து, குத்துமதிப்பாகச் சுண்டினேன். சில சமயம் காய் விழுந்தது. விழாதபோது "இதுக்குப் பேரு வியூகம் அண்ணாச்சி" என்றேன்.

"என்னத்த வியூகமோ, ஸ்ட்ரைக்கரு தன்னால திரியுது" என்றார் ஒருநாள். ஆனாலும் சந்தேகப்படவில்லை. அவருக்கு நான் ஐம்பதை நெருங்குவது ஒரு நல்ல செய்தி. அதில் குறை பார்க்க அவருக்கு மனமில்லை.

பிறந்தநாளும் வந்தது. தில்லிக் காற்று அன்று ஈரச் சாம்பல் நிறத்தில் இருந்தது. எதிர் பிளாக் தெரியவில்லை. மனைவி பருப்புப் பாயசம் வைத்தாள். கல்லூரியில் படிக்கும் மகள் ஐந்தும் பூஜ்யமுமாக இரண்டு மெழுகுவத்தி வாங்கிவந்து கேக்கில் குத்தினாள். தில்லியில் பிறந்தவள், அவள் தமிழ் பாதி வழியில் இந்தியில் இறங்கிக்கொள்ளும்.

"அப்பா, ஜல்தி ஊதுங்க, மெழுகு கேக்ல விழுது. அச்சா, ஐம்பது எப்படி ஃபீல் ஆகுது?"

"ஒண்ணுமே ஃபீல் ஆகல."

இருவரும் சிரித்தார்கள். அந்த மாதத்தில் நான் அவர்களிடம் சொன்ன ஒரே உண்மை அது.

அலுவலகத்தில் அண்ணாச்சி எனக்குப் பொன்னாடை போர்த்தினார். நிஜமாகவே. கரோல்பாக்கில் வாங்கியதாம். பிரிவு முழுவதையும் கூட்டி, "இந்தா, ஆளு இன்னைக்கு மேஜராயிட்டாரு" என்றார். அன்றே போட்டிப் படிவத்தில் இருவர் பெயரையும் எழுதி என்னிடம் நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். பேனாவைப் பிடித்திருக்கிறேனா என்று பார்த்து உறுதி செய்துகொண்டு போட்டேன்.

முதல் சுற்றில் ஆடாமலே ஜெயித்தோம். எதிரணியில் ஒருவருக்கு டெங்கு. "நமக்குக் கொசு ஒத்துழைக்குது வேய்" என்று அண்ணாச்சி குதூகலப்பட்டார். நானும் என் பங்குக்குக் கொசுவுக்கு நன்றித் தீர்மானம் முன்மொழிந்தேன். உள்ளுக்குள், இப்படியே எல்லோருக்கும் காய்ச்சல் வந்து கோப்பை நம் கைக்கு வந்துவிடாதா என்று ஒரு கணம் மனதாரக் கேட்டுக்கொண்டேன்.

இரண்டாம் சுற்று மறுநாள். எதிரே வேறொரு அலுவலகத்தின் இரண்டு வழுக்கைத் தலைகள், எங்களைப் போலவே நிதானமாக, எங்களைப் போலவே மோசமாக ஆடினார்கள். அண்ணாச்சி அன்று ஆடியதுபோல் நான் பார்த்ததில்லை. மூலையில் ஒட்டிக் கிடந்த காய்களைக்கூட எடுத்தார். சிவப்பையும் போட்டார். அணிக்கு ஓர் ஆட்டம் ஜெயித்து, மூன்றாவது ஆட்டத்தின் கடைசி போர்டுக்கு வந்தோம். எங்களுக்கு ஒரே ஒரு வெள்ளைக் காய் பாக்கி. என் முறை. காய் ஓட்டையிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர்கோட்டில் கிடந்தது. கேரம் பலகையைக் கடைக்குள் மட்டுமே பார்த்தவன்கூட அதைப் போடலாம்.

அண்ணாச்சி எதிரே கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மெதுவா" என்று வாயை மட்டும் அசைத்தார்.

விரலை வளைத்தேன். ஸ்ட்ரைக்கரைத் தொட்டுவிட்டேனா இல்லையா என்று தெரியவில்லை. குனிந்து பார்த்தேன். தொட்ட மாதிரிதான் இருந்தது. சுண்டினேன். ஸ்ட்ரைக்கர் வெள்ளைக் காயைச் சீண்டாமல், அதற்குப் பக்கத்தில் மரியாதையாக ஒதுங்கிப் போய், ஓட்டையில் விழுந்தது. அபராதமாக ஏற்கெனவே போட்ட காய் ஒன்று வெளியே வந்தது. எதிரணிக்கு மூன்று காய்கள் பாக்கி. மூன்றையும் வரிசையாக எடுத்தார்கள்.

கைகுலுக்கல்கள் முடிந்தன. அறை மூலையில் அண்ணாச்சி தன் ஸ்ட்ரைக்கரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன வேய் ஆச்சு?" குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே கேட்டார்.

விரலை நீட்டினேன். "இது மூணு மாசமா எங்கூடப் பேசறதில்ல அண்ணாச்சி."

இந்த வரியை எப்போதோ தயார் செய்து வைத்திருந்தேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"மூணு மாசமா?"

"ஆகஸ்ட்லேர்ந்து. மரத்துப்போச்சு. தொட்டாத் தெரியல."

துடைப்பதை நிறுத்தினார். "ஆகஸ்ட்லயே சொல்லியிருந்தா அந்தக் கணக்குப் பிரிவுக்காரரச் சேத்திருப்பேன். அவரு ரெண்டு மட்டம் வந்து கேட்டாரு. ரெண்டு மட்டமும் உமக்காவத்தான் வேண்டாம்னேன்."

அதற்கு வேடிக்கை எதுவும் தயாராக இல்லை. ஸ்ட்ரைக்கரை டப்பாவில் போட்டு, டப்பாவைப் பையில் போட்டு, பையை மாட்டிக்கொண்டு அவர் போனார். நான் பஸ்ஸில் ஏறி, இறங்கி, மாடி ஏறினேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது "தோத்துட்டோம்" என்று மட்டும் சொன்னேன். வருத்தமாக இருக்க வேண்டும் என்று உட்கார்ந்து பார்த்தேன். அதுவும் வரவில்லை. ஜூஸ் இயந்திரம் அடுப்படி மேடையில் அட்டை பிரிக்காமல் இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அண்ணாச்சி. மப்ளர் சுற்றியிருந்தார். உள்ளே வரவில்லை.

"கார்டை எடுத்துட்டு வாரும்."

"எந்தக் கார்டு?"

"டிஸ்பென்சரி கார்டு. வேற என்ன, ரேஷன் கார்டா?"

பின்னாலிருந்து மனைவி வந்தாள். "என்னாச்சுண்ணே? யாருக்கு?"

"இவருக்குக் கை மூணு மாசமா வேல செய்யல. ஒங்கிட்டயும் சொல்லலியாம்மா? அப்பச் சரி." அந்த "அப்பச் சரி"யில் கொஞ்சம் சமாதானம் இருந்தது. ஏமாந்தவர் தாம் மட்டுமில்லை என்ற சமாதானம்.

மனைவி என்னைப் பார்த்தாள். கோப்பைகளை எண்ணிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. உள்ளே போய், கார்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுக்காமல் அண்ணாச்சியிடம் கொடுத்தாள்.

எட்டு நிமிடம் நடந்தோம். அவர் கார்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு இரண்டடி முன்னால் போனார். நான் இரண்டு தடவை பேச ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். டிஸ்பென்சரியில் ஒரு மணி நேரம் வரிசை. கார்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் இளம்பெண். சோதனைக்கு ஒரு மழுங்கிய ஊசியை எடுத்துக்கொண்டு இந்தியில் சொன்னார்: "கண்ணை மூடிக்கங்க அங்கிள். விரலைத் தொடும்போதெல்லாம் 'ஹா' சொல்லுங்க." இந்தியில் ஆமாம் என்பதற்கு அது.

மூடினேன்.

"ஹா" என்றேன். சற்றுப் பொறுத்து, "ஹா". எந்த இடைவெளியில் தொடுவார்கள் என்று ஒரு தாளம் பிடிபட்டது. "ஹா. ஹா." நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

"அங்கிள்" என்றார் டாக்டர். "நான் இன்னும் தொடவே ஆரம்பிக்கலையே."

பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. அண்ணாச்சி சிரிக்கிறாரா என்று கண்ணைத் திறந்து பார்த்தேன். இல்லை. முழங்கையை மேஜைமேல் ஊன்றி, என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மாட்ட பரீட்சை எழுதாதேயும்" என்றார் தாழ்ந்த குரலில். "தெரியலன்னா தெரியலன்னு இரும்."

மறுபடி கண்ணை மூடினேன். வெளியே மருந்து வாங்கும் ஜன்னலில் யாரோ டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஊசி எங்கேயோ தொட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் நான் ஒன்றுமே சொல்லவில்லை.