அவருக்கு மூச்சு வாங்குது

ரொக்ஸ்பரோவில் நாங்கள் வாங்கிய வீட்டோடு ஒரு மீனும் வந்தது. வீட்டை விற்றவர் கணவனை இழந்த ஒரு பிரெஞ்சுக்கார அம்மா. படி ஏற முடியாமல் அபார்ட்மெண்டுக்குப் போகிறவர். சாவியைத் தந்துவிட்டு எங்களைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கேயிருந்த சின்னக் குளத்தைக் காட்டி, "முசியே" என்றார். எந்த ஐயா நிற்கிறார் என்று நான் வேலிப் பக்கம் தேடினேன். அந்த அம்மா காட்டியது தண்ணீருக்கு அடியில். நீண்ட மூக்கும், முதுகில் வரிசையாக எலும்புத் தட்டுகளும், வாய்க்கு முன்னால் நாலு மீசையுமாக ஒரு கறுத்த உருப்படி தரையைத் தடவித் தடவிப் போய்க்கொண்டிருந்தது. ஸ்டர்ஜன் என்ற சாதி மீன். போகிற இடத்துக்கு அதைக் கொண்டுபோக வழியில்லையாம். தீன் பையை என் மனைவியின் கையில் வைத்துவிட்டு அழுதே விட்டார்.

எனக்கு அப்போதே எரிச்சல். நான் துறைமுகத்தில் கொண்டெயினர் லொறி ஓட்டுகிறவன். விடிய எழும்பிப் போய்ப் பின்னேரம் இடுப்பொடிய வருகிறவனுக்கு மீன் வளர்ப்பு ஒரு கேடா? குளத்தை மூடிவிட்டுக் கத்தரியும் மிளகாயும் வைப்போம் என்றேன். மனைவி பார்த்த பார்வையில் அந்தக் கதை அன்றோடு முடிந்தது.

அவளுக்கு அப்போதுதான் முதுகில் ஒப்பரேசன் நடந்திருந்தது. கார்டெரி என்கிற பிள்ளைக் காப்பகத்தில் ஊரார் பிள்ளைகளைத் தூக்கித் தூக்கியே முதுகு போனது, பிறகு வேலையும் போனது. எங்கள் பிள்ளைகள் இரண்டும் ரொறன்ரோவில். நாள் முழுக்கத் தனியே இருந்தவள் கதையைக் குறைத்துக்கொண்டே வந்தாள். நான் ஏதாவது கேட்டால் ஒரு சொல்லில் பதில் வரும், சில நாள் அதுவும் வராது. எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்திருந்தது. குளத்தங்கரையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கத் தொடங்கிய பிறகுதான் வாய் திறந்தாள். முதலில் மீனோடு கதைத்தாள். பிறகு மீனைப் பற்றி என்னோடு கதைத்தாள். கடவுளே, இந்த மீன் நல்லாயிருக்க வேணும் என்று நான் மனதுக்குள் கும்பிட்டேன்.

அந்த அம்மா "முசியே" என்று சொல்லிவைத்ததாலோ என்னவோ, இவள் அதை ஒருநாளும் "அது" என்று சொன்னதில்லை. அவர் வந்தார், அவர் திரும்பினார், அவருக்கு இன்றைக்கு மனம் சரியில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் புருஷனின் பெயரைச் சொல்லாமல் "அவர்" என்பார்கள். ஆகவே வீட்டில் இப்போது இரண்டு அவர். "அவர் சாப்பிட்டு முடிச்சிட்டார், நீங்கள் இன்னும் சாப்பிடேல்லையோ?" என்று என்னையே கேட்பாள். எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் நம்பவா போகிறீர்கள்?

மீனைப் பற்றி எனக்குச் சட்டிக்குள் வந்த பிறகுதான் தெரியும். இதுவோ பெரிய பத்தியக்காரன். மிதக்கிற தீனைப் போட்டால் குளத்தில் கூடவே கிடந்த சின்னத் தங்கமீன்கள் விழுங்கிவிடும். இதற்கு வாய் கீழ்ப்பக்கம், ஆகவே தாழ்கிற தீனை ஒரு குழாயால் தரைவரை இறக்கிக் கொடுக்க வேண்டும். இதற்குப் பின்பக்கமாக நீந்தவும் தெரியாது. நூல்போல வளர்கிற பாசிக்குள் மூக்கை விட்டால் அப்படியே மாட்டிக்கொண்டு நிற்கும். வாரக் கடைசியில் காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கிப் பாசி வாருவது என் வேலை. பைப் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, அதை முறிக்க மருந்து கலந்துதான் விட வேண்டும். காற்றடிக்கிற பம்ப் இரவு பகலாக ஓட வேண்டும்.

முதல் குளிர்காலம் வந்தபோது, "ஐயோ, விறைச்செல்லோ போவார்!" என்று குளத்துக்குப் போர்வை போடச் சொன்னாள். குளச்சாமான் விற்கிற கடைக்காரரிடம் கேட்டேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். மேலே உறைகிற பனியில் ஒரு ஓட்டை மட்டும் மூடாமல் வைத்திரு, இந்த மீனுக்குக் குளிர்தான் சுகம், நீ கோடைக்குப் பயப்படு என்றார். அவர் சொன்னபடியே பனிக்குக் கீழே அது ராசா மாதிரித் திரிந்தது. கோடைக்குப் பயப்படுவதா? இந்த நாட்டுக்கு வந்த நாள் தொட்டு, எப்போது வெயில் வரும் என்று காத்திருக்கிற ஆட்கள் நாங்கள்.

சில கோடைகள் ஒருவாறு போயின. மீன் என் கை நீளத்துக்கு வளர்ந்துவிட்டது, குளம் வளரவில்லை. யாரிடமாவது கொடுக்கலாமா என்று கடைக்காரரிடம் கேட்டேன். இந்தப் பெரிய உருப்படியைக் கடை எடுக்காது என்றார். வடக்கே பெரிய குளம் வைத்திருக்கிற ஒருவரின் நம்பரைத் தந்தார். அந்த ஆள் நல்ல மனிதர், ஆனால் இந்தச் சூட்டில் இவ்வளவு தூரம் ஏற்றி வந்தால் வழியிலேயே செத்துப்போய்விடும், செப்டெம்பரில் கொண்டு வா என்றார். சரி, செப்டெம்பர்வரை பொறுப்போம் என்று இருந்தோம்.

ஜூலையில் வெக்கை வந்தது. இரவில்கூட இறங்காத வெக்கை. தண்ணீர் சூடானால் அதில் காற்றுத் தங்காது. துறைமுக வாசலில் லொறி வரிசையில் நான் நிற்கும்போது மனைவி போன் எடுத்தாள்.

"இஞ்சேருங்கோ, அவர் மேலை வந்து நிக்கிறார். ஒருநாளும் மேலை வராதவர். கெதியா வாங்கோ."

முன்னுக்கும் லொறி, பின்னுக்கும் லொறி. நான் எங்கே கெதியாக வருவது? ஸ்டியரிங்கில் குத்தியதுதான் மிச்சம்.

வீட்டுக்கு வருகிற வழியில் மூலைக்கடை டெப்பனரில் இருந்த ஐஸ் பைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தேன். ஐஸ் கரைந்து குளத்தில் கலந்தால் குளோரினும் சேர்ந்து போகும் என்று, பையைப் பிரிக்காமல் அப்படியே மிதக்கவிட்டேன். காற்சட்டையை மடித்துக்கொண்டு நான் தண்ணீருக்குள் நிற்க, வாசலில் ஒரு வான் கிறீச்சென்று நின்றது. லாசாலில் இருந்து மனைவியின் அக்கா திருநீற்றுப் பையோடு அலறிக்கொண்டு ஓடி வந்தார். பின்னால் அவரின் கணவர், என் சகலன், கையில் அஸ்பிரின் போத்தலோடு.

"அடி விசரி! நெஞ்சுவருத்தக்காரனைத் தண்ணிக்குள்ளை இறக்கிவிட்டிட்டுப் பாத்துக்கொண்டு நிக்கிறியே?" என்று அக்கா தங்கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் முழுசினேன். விசயம் பிறகுதான் விளங்கியது. தவித்துப்போய் நின்ற மனைவி அக்காவுக்குப் போன் எடுத்து, "அக்கா, அவருக்கு மூச்சு வாங்குது, வாயைத் திறந்து திறந்து மூடுறார்" என்று அழுதிருக்கிறாள். அக்கா போனைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். ஆள் மீன்தான் என்று தெரிந்ததும் அக்கா கதிரையில் தொப்பென்று இருந்து, "நாசமறுவாளே, என்ரை உயிர் போட்டுது" என்று திட்டினார். சகலன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் சகலன் குனிந்து மீனைப் பார்த்தார்.

"தம்பி, இது விடியும்வரை தாங்காது போலை. ஆறு கிட்டத்தானே? சமையல் ஓடருக்குக் கொண்டுபோற பெரிய கூலர் வானுக்கை கிடக்கு. தண்ணியோடை தூக்கி வைச்சா ஐஞ்சு நிமிசம். ஆழத்துக்குப் போட்டுதெண்டால் தப்பியிடும்."

மனைவியின் முகம் மாறியது. அன்று முழுக்க இல்லாத வெளிச்சம் ஒன்று வந்தது.

"இல்லை அண்ணை," என்றேன். "இது இந்த ஆத்து மீனில்லை. ஐரோப்பாப் பக்கத்துச் சாதி. இதின்ரை நோய் நொடி அங்கை இருக்கிற மீனுக்குத் தொத்தினால்? ஆத்திலை விடக் கூடாதெண்டு சட்டமே இருக்கு. கடைக்காரரும் சொன்னவர்."

"எங்களையே உள்ளை விட்டவங்கள், இதையோ விடமாட்டாங்கள்?" என்றார் சகலன்.

"மீனிட்டையும் விசா கேக்கிறார்," என்றார் அக்கா.

மனைவி அவர்களைப் பார்க்கவில்லை. "நீங்கள் சொல்லுங்கோ," என்றாள் என்னிடம். "ஏத்துவமோ?"

இந்த நாட்டில் இருக்கப் பேப்பர் கிடைக்கும்வரை நடக்கும்போதுகூடச் சிவப்பு விளக்கைத் தாண்டாதவன் நான். அந்தப் பயம் இன்னும் எலும்புக்குள் இருக்கிறது. ஆனால் அன்றைக்குச் சொன்னது பயத்தில் மட்டுமில்லை. அந்த ஆற்றில் அதற்கென்று இருக்கிற ஸ்டர்ஜன்கள் இருக்கின்றன. என் வீட்டுக் கவலையை அவற்றின் தலையில் கொட்ட எனக்கு என்ன உரிமை? "வேண்டாம்" என்றேன். அவள் மீன் பக்கம் திரும்பினாள்.

அவர்கள் போன பிறகு செய்யாதது இல்லை. சேலைகளைக் கட்டிக் குளத்துக்கு நிழல் போட்டோம். பக்கத்து வீட்டாரிடம் இன்னொரு காற்றுப் பம்ப் வாங்கி வைத்தோம். மருந்து கலந்து புதுத் தண்ணீர் விட்டோம். கடைக்காரருக்குப் போன் எடுத்தால், எல்லாம் சரியாகத்தான் செய்கிறாய், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றார். பிழையாகச் செய்கிறாய் என்று ஒரு ஏச்சு ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மீன் ஒரு பக்கமாகச் சரியத் தொடங்கியது. வயிற்றுக்குக் கீழே கையைக் கொடுத்து, காற்றுக் குமிழி வருகிற பக்கம் முகத்தைத் திருப்பி நிமிர்த்திப் பிடித்தேன். விட்டால் சரிந்தது. திரும்பப் பிடித்தேன். கை இருக்கிறது, காசு போட்டு வாங்கிய பம்ப் இருக்கிறது, வெயிலை என்ன செய்வது? எனக்கு அழுகை வந்தது. அவள் பார்க்காதபடி முகத்தைத் தண்ணீரால் கழுவினேன்.

விடியப் பார்த்தபோது அது சேலை நிழலுக்குக் கீழே வயிறு தெரிய மிதந்தது. வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, வேலியோரத்தில் கிடங்கு வெட்டினேன். மனைவி வந்து பக்கத்தில் நின்றாள். அழவில்லை. மீனை உள்ளே வைத்து நான் மண்ணைத் தள்ளத் தொடங்கியபோதுதான் கேட்டாள்.

"நேற்று அத்தான் ஆத்துக்குக் கொண்டுபோவம் எண்டவுடனை ஏத்தியிருந்தா, இப்ப இருந்திருப்பார், என்ன?"

கோபத்தில் கேட்கவில்லை. அது எனக்கும் தெரிந்தது. ஐந்து நிமிடப் பயணம், ஆழமான தண்ணீர், ஓடுகிற தண்ணீர். இவ்வளவு நாளும் அவளோடு என்னத்தைக் கதைப்பது என்று தெரியாமல் இருந்தவன், அன்றைக்கு உண்மையையாவது சொல்வோம் என்று நினைத்தேன்.

"ஓம்," என்றேன். "இருந்திருப்பார்."

அவள் என் கையில் இருந்த மண்வெட்டியைப் பார்த்தாள்.

"ஒரு பொய் சொல்லியிருக்கலாம் நீங்கள்," என்றுவிட்டு உள்ளே போனாள்.