சேர் ஏறாத படிகள்

பரீட்சைகளை ஒருமாதிரிப் பாஸ் பண்ணிவிட்டால் காணும் என்றுதான் நினைத்திருந்தேன். வீடு, காணி, கடை எதுவானாலும் போய்ப் பார்த்து, அதற்கு விலை மதித்து, அறிக்கையின் அடியில் என் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போடும் அனுமதி கிடைத்துவிடும். நல்ல வங்கி வேலையை விட்டதற்கு அம்மாவிடம் தினமும் வாங்கும் பேச்சும் நின்றுவிடும். அப்போதுதான் அனுபவம் என்ற சனியன் குறுக்கே வந்தது. அனுமதி பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரின் நேரடி மேற்பார்வையில் குறித்த காலம் வேலை செய்திருக்க வேண்டும். விதியில் இருந்தது இவ்வளவுதான். அதை வாசிக்காதவர்களும் இல்லை, ஒரேமாதிரி விளங்கிக்கொண்டவர்களும் இல்லை.

என்னோடு படித்தவள், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து கணக்கு என்றாள். அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த பெண், பெயர் பதிந்த நாளிலிருந்துதான் என்று சிங்களத்தில் சொன்னார். கொஞ்ச நாள் கழித்துப் போனபோது அதே மேசையில் வேறொருவர் இருந்தார். நாளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், என்னென்ன வகைக் கட்டடம் பார்த்தீர்கள் என்பதுதான் முக்கியம் என்றார். விசாவுக்குச் சொத்து மதிப்புக் காட்ட எழுதிய அறிக்கைகளைச் சேர்க்க மாட்டார்கள் என்று ஒருவர் சொல்ல, அதைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்று இன்னொருவர் சொன்னார். ஒரு சந்தேகத்தைத் தீர்க்கப் போய் இரண்டு சந்தேகத்தோடு வீட்டுக்கு வருவதே வழக்கமாகிவிட்டது. எனக்கு மண்டை காய்ந்துபோனது.

நான் வேலை செய்தது கொட்டாஞ்சேனையில், ஹார்ட்வெயார் கடை ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அலுவலகத்தில். சேர் என்று நான் கூப்பிடும் என் மேற்பார்வையாளரும் நானும்தான் அங்கே. சேர் அறுபது தாண்டியவர். தெஹிவளையிலிருந்து தன்னுடைய பழைய காரைத் தானே ஓட்டிக்கொண்டு வருவார். கசங்காத சேர்ட் போட்டிருப்பார். விலை விஷயத்தில் மகா கறாரானவர். கொஞ்சம் கூட்டிப் போடுங்கோ என்று குழைந்துகொண்டு வந்த எத்தனையோ பேரை வாசலோடு திருப்பி அனுப்பியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவருக்கு இருந்த ஒரே பிரச்சினை முழங்கால். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், சமதரையிலேயே தடியூன்றித்தான் நடப்பார்.

எங்களுக்கு வந்த வேலையில் பெரும்பகுதி வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடுகள். பிள்ளையை லண்டனுக்கோ கனடாவுக்கோ படிக்க அனுப்புகிற தாய் தகப்பனுக்கு, எங்களிடம் இவ்வளவு பெறுமதியான வீடு இருக்கிறது என்று விசாவுக்குக் காட்ட ஒரு அறிக்கை வேண்டும். புதிய கட்டடங்களில் லிஃப்ட் இருக்கும். பழையவற்றில் நாலு மாடியும் ஏறத்தான் வேண்டும். சேர் லேன் வாசலில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, என்னைப் போய்ப் பார்த்துவரச் சொல்வார். நான் மேலே போய்ச் சேருமுன்பே போன் அடிக்கும். சீலிங்கில் ஈரம் இருக்கிறதா, பல்கனிக் கம்பி துருப்பிடித்திருக்கிறதா, குசினிக்குள் வெளிச்சம் வருகிறதா என்று கேள்வி மேல் கேள்வி. மூச்சு வாங்கியபடி நான் பதில் சொல்வேன்.

வீட்டுக்கார அன்ரிமாருக்கு என்னைக் கண்டதும் முகம் சுருங்கும். பெரியவர் வரவில்லையா என்பார்கள். கீழே நிற்கிறார் என்றால் உடனே பல்கனிக்குப் போய் எட்டிப் பார்ப்பார்கள். ஒரு அன்ரி, மீன்காரனுக்குக் கயிற்றில் இறக்கும் கூடையில் பிளேன்ரீயை வைத்துச் சேருக்கு இறக்கினார். சேர் காரை விட்டு இறங்கி, கோப்பையை எடுத்துக்கொண்டு, மேலே பார்த்துக் கும்பிட்டார். நாலு மாடி ஏறி வந்த எனக்கு ஒரு மிடறு தண்ணீர் இல்லை. பொல்லாத கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது.

பிறகு அலுவலகத்துக்கு வந்து அறிக்கையை நான்தான் தட்டச்சுச் செய்வேன். மேற்படி வீட்டை நேரில் சென்று பார்வையிட்டேன் என்று அதில் ஒரு வரி கட்டாயம் வரும். அதன் அடியில் சேருடைய கையெழுத்து. என்னுடைய பெயர் எங்கேயும் இருக்காது. ஒருநாள் பொறுக்கமுடியாமல், இதில் நான் பார்த்ததாகவும் ஒரு சொல் போடலாமா என்று கேட்டேன்.

"உம்மட கண்ணும் என்ர கண்ணும் ஒண்டுதானே, பிள்ளை" என்றார் சேர்.

அது என்னைப் புகழ்ந்ததா, என்னுடைய உழைப்பைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டதா? வீட்டுக்கு வரும் பஸ்ஸில், காலி ஊருக்குப் போகும் பெருவீதி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன். வெள்ளவத்தையில் இறங்கும்வரை பிடிபடவில்லை.

காலம் நிறைந்ததும் விண்ணப்பித்தேன். நேர்முகத்துக்கு நானும் சேரும் ஒரே நாளில் வரவேண்டும், தனித்தனியாகக் கேள்வி கேட்பார்கள் என்றார்கள். இப்போதெல்லாம் மேற்பார்வையாளர் உண்மையில் இடத்துக்குப் போனாரா என்று துருவித் துருவிக் கேட்கிறார்களாம். போகாமல் கையெழுத்துப் போட்டவர்களின் அனுமதியையே பிடுங்கிவிடுவார்களாம். என்னோடு படித்தவள்தான் இதையும் சொன்னாள்.

நீங்களே சொல்லுங்கள், நான் என்ன செய்ய? சேர் படியேறினார் என்றால், வீட்டைப் பார்த்தவர் அவர். நான் பின்னால் பை தூக்கிக்கொண்டு போனவள். அதை அனுபவம் என்று யார் ஒத்துக்கொள்வார்கள்? சேர் ஏறவில்லை என்றால், வேலை முழுக்க என்னுடையது. ஆனால் மேற்பார்வை இல்லை, அவர் கையெழுத்துப் போட்ட அத்தனை அறிக்கையும் பொய். எந்தப் பக்கம் போனாலும் முட்டியது. அம்மாவிடம் சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்து ஏறினோம் என்று சொல்லேன், இதற்குப் போய் ஏன் இப்படி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிகிறாய் என்றார். அந்த மனிதர் தடியோடு அறைக்குள் நடந்து வருவதைப் பார்த்தால் குழந்தைப்பிள்ளைக்கும் விளங்கிவிடும் என்பது அம்மாவுக்குத் தெரியாது.

நேர்முகத்துக்கு முதல் நாள் சேரிடமே கேட்டுவிடுவது என்று போனேன். என்ன கேட்பது? சேர், நீங்கள் ஒருநாளும் ஏறவில்லையே, அதை எப்படிச் சமாளிப்பது என்று அவருடைய முகத்துக்கு நேரே எப்படிக் கேட்பது? நாளைக்கு அவர்கள் கேட்டால் என்ன சொல்வது சேர் என்று மட்டும் கேட்டேன்.

"உண்மையைச் சொல்லுறதுதானே. அதில என்ன யோசிக்கக் கிடக்கு?"

அறிக்கையில் இருக்கும் உண்மையா, லேன் வாசலில் நின்ற காரின் உண்மையா? எது என்று நான் கேட்கவில்லை. அவரும் விளக்கவில்லை. பேப்பரை விரித்து வாசிக்கத் தொடங்கிவிட்டார். எங்களுடைய ஆட்களின் இந்த மரியாதை இருக்கிறதே, அதைப்போலக் கோதாரி உலகத்தில் வேறு இல்லை.

அடுத்த நாள் என்னை முதலில் கூப்பிட்டார்கள். உள்ளே மூன்று பேர். வெள்ளவத்தையில் கடல்பக்க லேன் ஒன்றில் நாலாம் மாடி வீட்டுக்கு எழுதிய அறிக்கையை எடுத்து முன்னால் வைத்திருந்தார்கள். ஏன் இந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டைவிடக் குறைத்து மதித்தீர்கள் என்று கேட்டார்கள். மொட்டைமாடித் தண்ணீர்த்தாங்கி கசிந்து, கூரைத் தட்டுக்குள் இருக்கும் கம்பிவரைக்கும் உப்பு ஏறியிருப்பதை இரும்பு ஏணியில் ஏறிப் பார்த்ததைச் சொன்னேன். கொங்கிரீட் எங்கே உதிர்கிறது, திருத்த எவ்வளவு வேலை என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். ஆளையாள் பார்த்துத் தலையாட்டினார்கள். நடுவில் இருந்த அம்மையார் புன்னகைத்தபோது, எல்லாம் சரி, என் பெயரில் கையெழுத்து வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அதே புன்னகையோடு அவர் கேட்டார், இதையெல்லாம் நீங்கள் பார்த்தபோது உங்கள் மேற்பார்வையாளர் எங்கே நின்றார் என்று.

எனக்குக் காரும் இறக்கிவிட்ட கண்ணாடியும் கண்ணுக்குள் வந்தன. சேருடைய அனுமதியைப் பிடுங்கிவிட்டால் அந்த மனிதர் விடிய எழும்பி எங்கே போவார் என்று நினைத்தேன். பக்கத்தில்தான் நின்றார் என்றேன். ஏணியிலும் ஏறினாரா என்றார்கள். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இனி எப்படி இறங்குவது? ஏறினார் என்றேன்.

பிறகு சேர் போனார். நான் வெளியே கதிரையில் இருந்தேன். அதிக நேரம் எடுக்கவில்லை. வெளியே வந்தவருடைய முகத்தில் நான் ஒருநாளும் காணாத ஒரு சந்தோஷம். எல்லாம் சரி, பயப்படாதே என்று கையால் காட்டிவிட்டுப் பக்கத்தில் அமர்ந்தார். எனக்கும் உயிர் வந்தது. அறிக்கையில் உள்ளதையே சொல்லியிருக்கிறார் என்று நினைத்தேன்.

இரண்டு பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டார்கள். அம்மையாரின் முகத்தில் இப்போது புன்னகை இல்லை. பெண் சொல்கிறார் நீங்கள் ஏணியிலும் ஏறினீர்கள் என்று, நீங்கள் சொல்கிறீர்கள் ஒருநாளும் காரை விட்டு மேலே போகவில்லை, எல்லாம் இந்தப் பெண்தான் தனியாகப் பார்த்தார் என்று. இதில் நாங்கள் எதை எடுக்க என்று கேட்டார். நான் சேரைப் பார்த்தேன். சேர் என்னைப் பார்த்தார். அம்மையாரே முடிவையும் சொன்னார். சேரின் அறிக்கைகளை விசாரிக்கவேண்டி வரும். நான் செய்த வேலை அனுபவமாகக் கணக்கில் வராது. வேறு ஒருவரின் கீழ் முதல் நாளிலிருந்து தொடங்கவேண்டும்.

காருக்குள் ஏறியும் சேர் ஸ்டார்ட் பண்ணவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

"என்ன விசர்க்கதை கதைச்சனீர்? இந்தக் காலோட நான் ஏணியில ஏறினதோ?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. சேர் என்றும் பார்க்கவில்லை, கத்திவிட்டேன். "நீங்கள் ஏன் சேர் அப்பிடிச் சொன்னனீங்கள்? உங்கட லைசன்ஸ் போகுமெல்லோ?"

"போனால் போகட்டும். நான் ஏறினனான் எண்டால் அது என்ர வேலையாப் போயிடும். ஏறேல்லை எண்டு சொன்னால்தானே பிள்ளை, அது உம்மட வேலை."

சேர் காரை எடுத்து, புதுக்கடைப் பகுதியின் நெரிசலுக்குள் ஊர்ந்து ஊர்ந்து வந்து, என்னைப் பஸ் தரிப்பில் இறக்கிவிட்டார். நான் நன்றி சொன்னேனா, மன்னிப்புக் கேட்டேனா, இரண்டையும் விட்டுவிட்டேனா, எனக்கு நினைவில்லை. அவர் செய்தது சரியா, நான் செய்தது பிழையா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. சேரின் அனுமதியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை இன்னும் முடியவில்லை.

இப்போது ஹெவ்லொக் டவுனில் வேறொரு மதிப்பீட்டாளரிடம் வேலை செய்கிறேன். இளம் ஆள், முழங்கால் இரண்டும் நன்றாக இருக்கின்றன. எத்தனை மாடியானாலும் முன்னால் ஏறிவிடுவார். சுவர், சீலிங், மொட்டைமாடி எல்லாவற்றையும் தானே பார்ப்பார், விலையையும் தானே தீர்மானிப்பார். என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டார். நான் அளக்கும் டேப்பின் மறுமுனையைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, போதும் என்று அவர் சொல்லும்வரை நிற்பேன். இது கட்டாயம் அனுபவமாகக் கணக்கில் வருமாம்.